இங்கே என்னை யாருக்கும் தெரியாது! (வாசகர் கேள்வி பதில்)

புதிய கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்கள் போனதும் எனக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி வெவ்வேறு உருவத்தில் வரும்: இந்தப் புதுக் கூட்டத்தில் நான் யார்? இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். இந்தப் பகுதியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லூரியில் பாடம் நடத்தி, நெடுங்காலம் பெண்கள் விடுதிக் காப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் இல்லை. பார்த்ததையும் படித்ததையும் வைத்துப் பேசுகிறேன், அவ்வளவுதான்.

*

அம்மா, பள்ளியில் நான்தான் முதல் மாணவி. "கணக்கில் சந்தேகமா, அவளிடம் கேள்" என்பார்கள். இங்கே வகுப்பில் இருக்கும் எல்லோருமே அவரவர் பள்ளியில் முதலிடம். முதல் உள்தேர்வில் நான் நடுவில் எங்கோ இருந்தேன். அறிமுகக் கூட்டத்தில் "உங்களைப் பற்றி இரண்டு வரி சொல்லுங்கள்" என்றபோது பெயரைச் சொன்னேன், அடுத்து என்ன சொல்வதென்றே தெரியவில்லை. மார்க்கை எடுத்துவிட்டால் என்னிடம் ஒன்றுமே இல்லையா?
முதலாண்டு மாணவி

அந்த "இரண்டு வரி" சமாசாரத்தை யார் தொடங்கிவைத்தார்களோ, எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. முன்பின் தெரியாத கூட்டத்துக்கு நடுவில் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி நீ யார் என்று கேட்டால் அது என்னதான் சொல்லும்? பெயர், படித்த பள்ளி, பாட்டுக் கேட்பது பிடிக்கும். எல்லோரும் ஒப்பிப்பது இதைத்தான். உனக்கு ஒப்பிக்க வரவில்லை. அதற்காக வருத்தப்படாதே.

மார்க்குக்கு வருவோம். 1980களில் ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் நீ சொல்வதைத்தான் ஆராய்ந்தார். 'சிறு குளத்துப் பெரிய மீன்' என்று அதற்குப் பெயர். ஒரே அளவு திறமை உள்ள இருவரில், கெட்டிக்காரர்கள் நிறைந்த இடத்தில் படிப்பவர் தன்னைக் குறைவாக எடைபோடுகிறார். சுமாரான இடத்தில் படிப்பவர் தன்னை உயர்வாக நினைத்துக்கொள்கிறார். இருவருக்கும் திறமையில் வித்தியாசம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள்தான் வேறு. உள்தேர்வில் நீ நடுவில் வந்ததற்குப் படிக்கும் முறை காரணமாக இருக்கலாம். அதைப் பாட ஆசிரியரிடம் விடைத்தாளோடு போய்க் கேள், பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். "நான் யார்" என்ற கேள்வியை அந்த விடைத்தாளோடு சேர்த்துக் கட்டாதே. இரண்டும் இரண்டு பிரச்சினை.

உன் கடிதத்தில் ஒரு வரியை நீயே கவனிக்காமல் எழுதியிருக்கிறாய். "சந்தேகமா, அவளிடம் கேள்." இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று முதலிடம். அது உன் கையில் இல்லை. கூட இருப்பவர்கள் மாறினால் அதுவும் மாறிவிடும். மற்றது, புரியாதவருக்கு உட்கார்ந்து புரியவைக்கும் பொறுமை. முதல் மார்க் வாங்கும் எல்லோரிடமும் யாரும் போய்ச் சந்தேகம் கேட்பதில்லையம்மா. நான் பார்த்த முதல் மாணவிகளில் நோட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தவர்கள் உண்டு. உன்னிடம் கேட்டார்கள் என்றால் நீ முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். நடுவில் எங்கோ மார்க் வாங்கியதும் அந்தப் பொறுமை காணாமல் போய்விட்டதா? போயிருக்காது. அதற்கு இங்கே இன்னும் வேலை வரவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு 'அடையாள நெருக்கடி' என்று பெயர் கொடுத்தவர் எரிக் எரிக்சன். அவர் கதை உனக்குப் பிடிக்கும். 1902இல் பிறந்தவர், தன்னைப் பெற்ற தந்தை யார் என்று அவருக்குத் தெரியாமலே போயிற்று. யூதக் குடும்பத்தில் வளர்ந்தார். உயரமும் பொன்னிற முடியுமாக இருந்ததால் யூதப் பிள்ளைகள் வேற்றாள் என்று கேலி செய்தார்கள். பள்ளிக்குப் போனால் யூதன் என்று கேலி. படிப்பு முடிந்ததும் படம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் ஊர் சுற்றினார். பல்கலைக்கழகப் பட்டம் வாங்கவே இல்லை, ஆனால் பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தார். எரிக்சன் என்ற பெயரே அமெரிக்கக் குடியுரிமை பெற்ற சமயத்தில் அவர் எடுத்துக்கொண்டதுதான். இளம் வயதில் எதையும் முடிவு செய்யாமல் பலதையும் தொட்டுப் பார்க்கக் கொஞ்ச காலம் அவகாசம் வேண்டும் என்று எழுதியவரும் அவர்தான். ஊர் சுற்றிய அனுபவம் பேசியிருக்கிறது!

அவருக்குப் பின் ஜேம்ஸ் மார்சியா என்பவர் 1966இல் கல்லூரி மாணவர்களைப் பேட்டி கண்டு வெளியிட்ட ஆய்வில் இரண்டு விஷயங்களைத்தான் முக்கியமாகப் பார்த்தார். பல வழிகளை யோசித்துப் பார்த்தாயா? ஏதாவது ஒன்றில் உறுதியாக நிற்கிறாயா? இதில் ஒரு வகையினர் யோசித்துப் பார்க்காமலே உறுதியாக நின்றார்கள். வீட்டில் பெரியவர்கள் சொன்னதையே தன் முடிவாக எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள். பார்த்தால் மிகத் தெளிவாகத் தெரிவார்கள். பள்ளியில் நீ அப்படி இருந்திருப்பாய் என்பது என் ஊகம். 'முதல் மாணவி' என்று மற்றவர்கள் கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டாய், வேறு எதையும் தேட வேண்டிய அவசியம் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. உனக்கு அது ஒன்றுமில்லாமல் போனதுபோல் தெரிகிறது. எனக்குத் தேடல் தொடங்கிவிட்டதாகத் தெரிகிறது.

விடுதியில் ஒவ்வொரு ஆண்டும் ஒரு வேடிக்கை நடக்கும். முதல் வாரத்தில் அறைக் கதவுகளில் வண்ணத்தாள் ஒட்டுவார்கள். பெயர், அதற்குக் கீழே 'கவிஞர்', 'நடனம் என் உயிர்', 'தனிமை விரும்பி' என்று ஏதாவது ஒன்று, ஸ்கெட்ச் பேனாவில் பூ பார்டர் போட்டு. தனிமை விரும்பியின் அறையில்தான் நள்ளிரவு வரை கூட்டம் இருக்கும், போய் விரட்ட வேண்டும். நடனம் என் உயிர் என்றவள் ஆண்டு விழாவில் மேடைக்கு விளக்குப் போடும் வேலையைப் பிடித்துக்கொண்டாள், அதற்கப்புறம் அவளை விளக்குக்காரி என்றுதான் எல்லோரும் தேடினார்கள். தாளை யாரும் கிழிப்பதில்லை. பசை காய்ந்து அதுவே விழும், பெருக்குகிறவர் எடுத்துப் போட்டுவிடுவார்.

அதனால், இந்தப் பருவம் முடியும்வரை மார்க் கிடைக்காத ஒரு வேலையில் உட்கார். நூலகத்தில் தன்னார்வலராக இருக்கலாம், பின்தங்கியவர்களுக்குப் பாடம் சொல்லும் குழு இருந்தால் அதில் சேரலாம், சம்பந்தமே இல்லாமல் விளையாட்டு மைதானத்துக்கும் போகலாம். அங்கே நீ எத்தனையாவது இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதலில் தவிப்பாக இருக்கும். அந்தத் தவிப்போடு கொஞ்ச நாள் இருந்து பார்.

*

மேடம், பள்ளியில் நான் யாரிடமும் பேசாதவன். கல்லூரியில் புது ஆளாகத் தொடங்கலாம் என்று முதல் நாளிலிருந்தே கலகலப்பாக நடந்துகொண்டேன். ஜோக் அடிப்பேன், எல்லோரையும் கலாய்ப்பேன். இப்போது ஒருநாள் அமைதியாக இருந்தால் "என்னடா ஆச்சு" என்கிறார்கள். கால்பந்து என்றால் உயிர் என்று வேறு சொல்லிவைத்தேன், ராத்திரி கண்விழித்து மேட்ச் பார்க்க வேண்டியிருக்கிறது. அறைக்கு வந்தால் பிணம் மாதிரி விழுகிறேன். நான் ஏமாற்றுகிறேனா?
விடுதி மாணவன்

தம்பி, படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. பிடிக்காத மேட்சை விடிய விடியப் பார்ப்பவனுக்கு நண்பர்கள்மேல் நிஜமான பிரியம் இருக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதாதே. பேசாதவன் பேச முயன்றது பொய் இல்லை. பள்ளியில் உன்னை "பேசாதவன்" என்று முடிவு கட்டிவிட்டார்கள், வாயைத் திறந்தால்கூட "பாருடா, பேசுகிறான்" என்றிருப்பார்கள். அங்கே பழகிப் பார்க்க இடமே இல்லை. இங்கே கிடைத்தது, பழகினாய். எந்தப் பழக்கமும் முதலில் நடிப்பு மாதிரிதான் இருக்கும். கால்பந்து விஷயம் வேறு. அது பச்சைப் பொய், சின்னப் பொய். அதை விட்டுவிடலாம்.

எது உன்னுடையது, எது இல்லை என்று தெரிய நான் பிள்ளைகளிடம் ஒன்று கேட்பேன். அது முடிந்த பிறகு எப்படி இருக்கிறது? நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டு அறைக்கு வரும்போது உடம்பு களைத்தாலும் மனசு நிறைந்திருந்தால், அந்தக் கலகலப்பில் பாதியாவது உன்னுடையது. வந்ததும் "அப்பாடா, முடிந்தது" என்று இருந்தால் அது வேஷம். இரண்டும் மாறி மாறி வருகிறது என்பாய். சரி, அப்படித்தான் வரும். அளவைக் குறைத்துக்கொள், முழுக்க நிறுத்தாதே.

சிலர் இயல்பிலேயே சூழலைப் பார்த்துத் தங்கள் நடையை மாற்றிக்கொள்வார்கள், சிலர் எங்கே போனாலும் ஒரே மாதிரி இருப்பார்கள். 1974இல் மார்க் ஸ்னைடர் என்ற உளவியலாளர் இதை அளக்க ஒரு கேள்வித்தாளே தயாரித்தார். மாற்றிக்கொள்கிறவன் போலி என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருந்தால் நீ சொன்ன மாதிரி பிணமாகத்தான் விழ வேண்டும்.

இதிலிருந்து வெளியே வருவதற்கு மேடை போட்டு அறிவிக்க வேண்டாம். "நண்பர்களே, இதுவரை நீங்கள் பார்த்தது நான் இல்லை" என்றெல்லாம் ஆரம்பித்துவிடாதே, அதுவும் ஒரு நாடகமாகிவிடும். அடுத்த மேட்ச் அன்று "நான் வரவில்லைடா, தூங்கப் போகிறேன்" என்று சொல். ஏன் என்றால் "தூக்கம் வருகிறது" என்று சொல். அவர்கள் மேட்சுக்குப் போய்விடுவார்கள்! நம்மை எல்லோரும் உற்றுப் பார்க்கிறார்கள் என்று நாம் நினைப்பதில் பாதிக்கு மேல் நம் கற்பனை. தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு, போட்டுக்கொள்ளவே கூச்சப்படும்படி ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்கூட இல்லை. நீ ஒருநாள் மௌனமாக இருந்ததற்கு "என்னடா ஆச்சு" என்று கேட்டவர்கள் உன் பதிலை முழுசாகக் கேட்டார்களா என்று யோசித்துப் பார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லோரையும் கலாய்ப்பேன் என்கிறாய். நீ கலாய்க்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள், ஒருவன் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிப்பான். அவனைக் கண்டுபிடி. பள்ளியில் பேசாமல் இருந்த உனக்கு அவனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்காது. அவனை மட்டும் விட்டுவிடு.

*

எத்தனை மன்றங்களில் சேரலாம்? சீனியர்கள் "எல்லாவற்றிலும் சேர், அப்போதுதான் நீ யார் என்று தெரியும்" என்கிறார்கள்.
ஒரு வாசகர்

இரண்டு. உனக்குக் கொஞ்சமாவது தெரிந்தது ஒன்று, சுத்தமாகத் தெரியாதது ஒன்று. எல்லாவற்றிலும் சேர்ந்தால் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் இருப்பாய், எந்த அறையிலும் இருக்க மாட்டாய். சீனியர்களுக்கு ஆள் தேவை, அதனால் அப்படித்தான் சொல்வார்கள். பாவம், அவர்களையும் குறை சொல்ல முடியாது.

*

வந்து ஒரு பருவமே முடியப் போகிறது. எனக்கு யாரும் ஒட்டவில்லை. மற்றவர்கள் எல்லாம் முதல் வாரமே குழு குழுவாகச் சேர்ந்துவிட்டார்கள். நான் இந்த இடத்துக்கான ஆள் இல்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்குப் போய்விடலாமா?
பெயர் வேண்டாம்

முதல் வாரத்துக் குழுக்களைப் பார்த்துப் பொறாமைப்படாதே. பயத்தில் ஒட்டியவை அவை. சாப்பாட்டுக்கூடத்தில் தனியாக உட்காரக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்ந்தவர்கள், அதில் பாதி அடுத்த ஆண்டு முகம்கூடப் பார்த்துக்கொள்ளாது. வருஷா வருஷம் அறை மாற்றிக் கேட்டு என் மேசைக்கு வந்த விண்ணப்பங்கள் சாட்சி.

நட்புக்கு நேரம் பிடிக்கும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் முதலாண்டு மாணவர்களையும் புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் வைத்துக் கணக்குப் பார்த்தார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரம், அடுத்து நண்பர் என்றே சொல்லும்படி ஆக ஏறக்குறைய 90, நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், ஒரே ஆய்வகத்தில் வேலை செய்தேன் என்பது மட்டும் போதாது, சும்மா சேர்ந்து இருந்த நேரம்தான் முக்கியம் என்றும் சொல்கிறார். ஒரு பருவத்தில் நீ யாரோடாவது சும்மா எவ்வளவு நேரம் இருந்திருக்கிறாய்? வகுப்பு முடிந்ததும் நேராக அறைக்குப் போயிருந்தால் மணிக்கணக்கு ஏறவே இல்லை. அதில் உன் குறையும் இல்லை, அவர்கள் குறையும் இல்லை.

"நான் இந்த இடத்துக்கான ஆள் இல்லை" என்ற நினைப்பைப் பற்றி. கிரிகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் ஒரு சோதனை செய்து 2011இல் வெளியிட்டார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு, மேல் வகுப்பு மாணவர்கள் சொன்னவற்றைப் படிக்கக் கொடுத்தார்கள். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, போகப் போகச் சரியாகிவிட்டது என்பதுதான் அவற்றின் சாரம். பிறகு அதையே தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதிப் பேசச் சொன்னார்கள். மொத்தமே ஒரு மணி நேர வேலை. வெள்ளையர் நிறைந்த கல்லூரியில் சிறுபான்மையாக இருந்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண், அடுத்த மூன்று ஆண்டுகளும் அதே நிலையில் இருந்து இதைப் படிக்காத மாணவர்களைவிட உயர்ந்தது. 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்று நினைப்பவர்களுக்கு அந்த நினைப்பே தனிச் சுமை. அது இறங்கியதும் படிக்கவும் முடிந்தது. உன் துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் யாரையாவது பிடித்து "முதல் பருவம் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பார். கேட்டால் நிறுத்தமாட்டார்கள்.

வீட்டுக்குப் போகும் முடிவை இந்தப் பருவத்தில் எடுக்காதே. ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எழுந்து வகுப்புக்குப் போகவே முடியாமல் வாரக்கணக்கில் இருந்தால் அது தனிமை மட்டும் இல்லை. அப்போது கல்லூரி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ போக வேண்டும், வீட்டுக்கும் சொல்ல வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது.

*

சகோதரிக்கு வணக்கம். மகன் முதல் விடுமுறைக்கு வந்தான். தலைமுடி, உடை, பேச்சு எல்லாம் மாறியிருக்கிறது. நாங்கள் நம்புகிறவற்றை எல்லாம் கேள்வி கேட்கிறான். நண்பர்கள் முன்னால் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே என்கிறான். என் பிள்ளையைத் தொலைத்துவிட்டேனா?
ஒரு தாய்

தலைமுடியை விட்டுவிடுங்கள். அது வளரும், வெட்டுவான், மறுபடி வளரும். அதற்காக ஒரு சண்டையை வீணாக்க வேண்டாம்.

நம்பிக்கைகள் வேறு. உங்களுக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேன், சில மாற்றங்கள் நிலைத்துவிடும். 1930களில் தியோடர் நியூகோம் என்பவர் அமெரிக்காவில் பென்னிங்டன் என்ற பெண்கள் கல்லூரியில் மாணவிகளைத் தொடர்ந்து கவனித்தார். பழமையில் ஊறிய வசதியான குடும்பத்துப் பெண்கள் பலர், படிப்பு முடியும்போது அரசியலில் பெற்றோருக்கு நேர் எதிர்ப் பக்கம் வந்திருந்தார்கள். சுமார் 25 ஆண்டுகள் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தபோதும் பெரும்பாலோர் அங்கேயே இருந்தார்கள். ஆனால் எல்லோரும் மாறவில்லை. யாருடைய மதிப்பைப் பெற வேண்டும் என்று அந்தப் பெண் நினைத்தாளோ, அவர்கள் பக்கமே போனாள். சிலருக்கு அது கல்லூரி, சிலருக்குக் கடைசிவரை வீடுதான்.

ஆகவே உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: அவன் மதிப்பைத் தேடும் ஆட்களில் நீங்களும் இருப்பது. கேள்வி கேட்டதும் "இதற்குத்தான் படிக்க அனுப்பினோமா" என்றால் அடுத்த விடுமுறையில் கேள்வி கேட்க மாட்டான், கைபேசியோடு அறைக்குள் போய்விடுவான். "எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீ ஏன் அப்படி நினைக்கிறாய்" என்று பேச்சை நீட்டுங்கள். ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. சூடாக வாதாடுங்கள், தப்பே இல்லை. இன்னொன்று, அவன் உங்களிடம் கேள்வி கேட்கிறான். தொலைந்த பிள்ளை எதையும் கேட்காது.

செல்லப் பெயர் விஷயத்தில் நான் அவன் கட்சி. நண்பர்கள் முன்னால்தானே வேண்டாம் என்றான்? உங்களோடு தனியாக இருக்கும்போது கூப்பிட்டுப் பாருங்கள், திரும்பிப் பார்ப்பான்.

*

மேடம், 38 வயதில் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள், ஆசிரியர் என்று நினைத்துவிட்டார்களாம்! இப்போது மரியாதையாக அக்கா என்கிறார்கள். ஆனால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்க்கவில்லை. கேட்டால் சின்னப் பிள்ளைகளோடு ஒட்டப் பார்க்கிறேன் என்று நினைப்பார்களோ? வீட்டில் அம்மா, அலுவலகத்தில் மேலாளர், இங்கே நான் என்னவாக இருப்பது?
மூத்த மாணவி

உடன் படிப்பவராக இருங்கள். அக்கா என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும், அதற்காக அறிவுரை மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அலுவலகப் பழக்கத்தில் குழு வேலையைப் பிரித்துக்கொடுக்கக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள், இந்த ஒரு இடத்திலாவது வேறு யாராவது பிரித்துக்கொடுக்கட்டும். உங்கள் பங்கை நேரத்துக்கு முடித்துக் கொடுத்தால் அடுத்த முறை உங்களைத் தங்கள் குழுவில் போட அவர்களே அடித்துக்கொள்வார்கள். புரியாத இடத்தில் பக்கத்துப் பையனிடம் "எனக்கு இது புரியவில்லை, சொல்லிக்கொடுப்பாயா" என்று கேளுங்கள். மேலாளர் நாற்காலியில் இருந்து கேட்கும் சௌகரியம் உங்களுக்கு இருந்திருக்காது.

வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கச் சொல்லி நாளைக்கே கேளுங்கள். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று விட்டிருக்க மாட்டார்கள், எண்ணைக் கேட்கக் கூச்சப்பட்டிருப்பார்கள். தேர்வுத் தேதி மாறினால் அங்கேதான் முதலில் வரும். அதைத் தவிர அரட்டைக்கென்று இன்னொரு குழு வைத்திருப்பார்கள். அதில் உங்களைச் சேர்க்க மாட்டார்கள், ஆசிரியர்களைத் திட்டுவது அங்கேதான். இரண்டாம் ஆண்டில் சேர்த்தால் எனக்கு எழுதுங்கள்.